டார்ச்சர் என்று சொன்னால் டார்ச்சர் என்றே எழுதுங்கள்



வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ராத்திரி டியூட்டி பார்ப்பவர்கள், 181 பெண்கள் உதவி எண்ணில் போன் எடுப்பவர்கள், மகளிர் காவல் நிலைய ரைட்டர்கள், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர்கள், சட்ட உதவி வக்கீல்கள், தங்கும் இல்லங்களின் வார்டன்கள் என்று உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். வீட்டில் அடிபட்ட ஒரு பெண் வெளியே வந்து முதன்முதலாக வாயைத் திறப்பது உங்கள் மேசைக்கு முன்னால்தான். அவர் சொல்வது தாளில் ஏறுவதும் உங்கள் கையால்தான். அந்தத் தாளில் யாருடைய பேச்சு இருக்கிறது என்பது பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஒரு பெண்கள் உதவி மையத்தில் மனு எழுதித் தருகிறேன். தமிழ்மேல் எனக்குள்ள அக்கறை யாருக்கும் குறைந்ததில்லை. அந்த அக்கறையோடுதான் சொல்கிறேன்: பாதுகாப்புத் தேடி வருகிற பெண் இங்கிலீஷ் கலந்து பேசினால், அந்த இங்கிலீஷை அப்படியே தாளில் விடுங்கள். நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தால்தான் மதிப்பு என்று நினைத்து மாற்றாதீர்கள்.

ஒரு மனுவை வைத்துச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். இரண்டு பிள்ளைகள். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"டார்ச்சர் தாங்க முடியல டீச்சர். எதுக்கெடுத்தாலும் டவுட். கம்பெனி பஸ் லேட்டாச்சுன்னா அன்னிக்கு அடி கன்ஃபார்ம். போனைப் பிடுங்கி, லாக்கை எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு நம்பரா இது யாரு இது யாருன்னு கேப்பாரு. போன வாரம் சார்ஜர் வயரால அடிச்சாரு. ஏ.டி.எம். கார்டு அவருகிட்டதான் இருக்கு. நாப்கின் வாங்கக்கூட அவருகிட்ட கேட்டு நிக்கணும். எனக்கு சேஃப்டியே இல்ல டீச்சர். எங்கயாச்சும் சேஃபான எடத்துல புள்ளைங்களோட இருந்தாப் போதும்."

வேறோர் இடத்தில் ஏற்கெனவே கொடுத்திருந்த மனுவின் நகல் அவர் கைப்பையில் இருந்தது. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரில் நாலாக மடித்து வைத்திருந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: மேற்படி எனது கணவர் என்னை உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் துன்புறுத்தி, சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாக்கி வருகிறார், ஆகவே சமூகம் அவர்கள் தக்க நடவடிக்கை எடுத்து எனக்குப் பாதுகாப்பு வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. சார்ஜர் வயரும் கிடையாது. ஏ.டி.எம். கார்டு போய்விட்டது, கம்பெனி பஸ் போய்விட்டது, டவுட் போய்விட்டது. தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பெண்ணின் மனுவில் வேண்டுமானாலும் இந்த வாக்கியத்தைத் தூக்கி வைக்கலாம், கச்சிதமாகப் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துகிற வாக்கியத்தால் இந்தப் பெண்ணுக்கு என்ன பயன்?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு வன்முறையை நான்கு வகையாகப் பார்க்கிறது. உடலுக்குச் செய்வது ஒன்று. பாலியல் வகையில் செய்வது ஒன்று. வாயாலும் மனத்தை நோகடித்தும் செய்வது ஒன்று. பணத்தை வைத்துச் செய்வது ஒன்று. பாதுகாப்பு அலுவலர் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புகிற சம்பவ அறிக்கையின் படிவம் இன்னும் நுணுக்கமானது. அறைந்தாரா, உதைத்தாரா, தள்ளிவிட்டாரா, நடத்தையைப் பற்றித் தப்பாகப் பேசினாரா, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டினாரா, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் தராமல் இருந்தாரா, வீட்டை விட்டுத் துரத்தினாரா, வேலைக்குப் போக விடாமல் தடுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. சட்டம் எழுதியவர்கள் பெண்களின் வாழ்க்கையைக் கிட்ட வந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் படிவமே சாட்சி.

அந்தப் பெண் சொன்னதை இந்தப் படிவத்தோடு ஒட்டிப் பாருங்கள். சார்ஜர் வயர் முதல் வகை. டவுட்டும் போனைப் பிடுங்குவதும் மூன்றாம் வகை. ஏ.டி.எம். கார்டு நான்காம் வகை. அவர் அரை நிமிஷத்தில், எந்தச் சட்டமும் படிக்காமல், மூன்று வகையையும் ஆதாரத்தோடு சொல்லிவிட்டார். அதைத்தான் 'உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும்' என்ற அரைத்த மாவு விழுங்கிவிட்டது. பணம் பற்றிய பேச்சு தாளில் இல்லாததால், ஏ.டி.எம். கார்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு கேட்க வேண்டும் என்பது அவருடைய வக்கீலுக்கே தோன்றாது.

கோர்ட்டில் இதன் விளைவு இன்னும் மோசம். எதிர்த்தரப்பு வக்கீல் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, "சொல்லொணாக் கொடுமைன்னு எழுதியிருக்கீங்க, அப்படின்னா என்ன?" என்று கேட்பார். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் உச்சரித்ததில்லை. "இது நீங்க சொல்லி எழுதினதா, யாராவது சொல்லிக்கொடுத்து எழுதினதா?" என்பது அடுத்த கேள்வி. உண்மையைச் சொல்ல வந்த பெண் திணறி நிற்பார். தாளில் "டார்ச்சர், டவுட், சார்ஜர் வயரால் அடித்தார்" என்று இருந்திருந்தால் அவர் திணற இடமே இல்லை. அவர் பேச்சு அவருக்கு மறக்காது.

சிலர் கேட்பீர்கள்: கொடுமை என்று தமிழில் அழகான சொல் இருக்கும்போது டார்ச்சர் எதற்கு? உங்களிடம் வருகிற பெண்கள் 'கொடுமை' என்று எப்போது சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். வரதட்சணைக் கொடுமை, மாமியார் கொடுமை என்று சொல்கிறார்கள். பத்திரிகையும் சினிமாவும் அந்தச் சொல்லை வரதட்சணையோடு சேர்த்தே கட்டிவைத்துவிட்டன. வரதட்சணை கேட்காத, வெளியில் நல்ல பெயர் எடுத்த, மாசச் சம்பளத்தை வீட்டில் கொடுக்கிற புருஷன் ராத்திரி ராத்திரி தூங்கவிடாமல் விசாரணை நடத்தினால் அதற்குப் பெயர் என்ன? 'கொடுமை' என்ற சொல்லில் தன் வாழ்க்கை அடங்காது என்று அந்தப் பெண் நினைக்கிறார். டார்ச்சரில் அடங்குகிறது. விடாமல், நாள் தவறாமல், திட்டம் போட்டுச் செய்வது என்ற பொருள் தமிழ்நாட்டுப் பெண்களின் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஏறியிருக்கிறது. டவுட்டும் அப்படித்தான். கணக்கில் டவுட் வேறு, புருஷன் படுகிற டவுட் வேறு. பின்னதைச் சொன்னால் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் விளக்கம் தேவையில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கொஞ்ச நேரம் பேசிய பிறகு, குரலைத் தாழ்த்தி, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, சில பெண்கள் "செக்ஸ் டார்ச்சர் டீச்சர்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இந்த இரண்டு சொல்லும் இங்கிலீஷாக இருப்பதால்தான் அதையாவது அவர்களால் சொல்ல முடிகிறது. நம் வீடுகளில் உடம்பைப் பற்றிய தமிழ்ச் சொற்கள் ஒன்று வசவாக இருக்கின்றன, இல்லாவிட்டால் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. வசவைச் சொல்ல அவர்களுக்குக் கூசும். பாடப்புத்தகச் சொல் நாக்கில் வராது. இரண்டுக்கும் நடுவில், மானத்தோடு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை இங்கிலீஷ் தருகிறது. அதை அந்நிய மோகம் என்று யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அப்படி ஒரு பெண் சொல்லும்போது, தாளில் அது 'இல்லற வாழ்வில் இணக்கமின்மை' என்று மாறிவிடுகிறதே, அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசியுங்கள். கணவன் மனைவியைக் கட்டாயப்படுத்துவதைக் குற்றவியல் சட்டம் இன்றும் பாலியல் வன்புணர்வாகக் கருதுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும், மனைவி 18 வயதுக்குக் குறையாதவராக இருந்தால், அந்த விலக்கு அப்படியே தொடர்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கிற பாலியல் நடத்தையை வன்முறை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அவருக்கு மிச்சமிருக்கிற கதவுகளில் முக்கியமானது அது. நீங்கள் எழுதும் சொல்லில் அந்தக் கதவு திறக்கும், அல்லது அடைபடும். "செக்ஸ் டார்ச்சர்" என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். விவரம் கேட்க வேண்டியிருந்தால் தனியாக, நிதானமாக, ஒரு பெண் கேட்கட்டும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டமே இதைச் சொல்லிவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகள், குழந்தையின் வாக்குமூலத்தை அது பேசியபடியே பதிவுசெய்ய வேண்டும் என்கின்றன. 24ஆம் பிரிவு, வாக்குமூலம் வாங்க வருகிற போலீஸ் அதிகாரி யூனிஃபார்மில் இருக்கக் கூடாது என்கிறது. பள்ளிக்கூடங்களில் 'குட் டச், பேட் டச்' சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, இதையும் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டுமா என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. 'தீய தொடுதல்' என்று எழுதிப் பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்குப் போய், "அந்த மாமா பேட் டச் பண்ணாரும்மா" என்றுதான் சொல்லும். அம்மாவுக்கு அந்த நொடியே புரியும். தமிழ் தெரிந்த, தமிழ் மட்டுமே தெரிந்த, அம்மாவுக்கும் புரியும். அந்தக் குழந்தைக்கு அந்த நேரத்தில் வேண்டியது அதுதான்.

இங்கிலீஷ் எல்லாமே காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் கொண்டுவருகிற இங்கிலீஷ் ஒன்று. நாம் அவர் தலையில் கட்டுகிற இங்கிலீஷ் இன்னொன்று. "டி.வி. கேஸ் போட்ரலாம்மா, பி.ஓ. மேடத்தைப் பாத்து டி.ஐ.ஆர். வாங்கிட்டு வாங்க" என்று வக்கீல் குமாஸ்தா ஒரே மூச்சில் சொல்வார். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் தன் கேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமல் அந்தப் பெண் தலையாட்டுவார். டி.வி. என்றால் குடும்ப வன்முறை, பி.ஓ. என்றால் பாதுகாப்பு அலுவலர், டி.ஐ.ஆர். என்றால் சம்பவ அறிக்கை என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? அதுவும் வேண்டாம். "கலெக்டர் ஆபீஸ்ல சமூக நலத்துறையில ஒரு மேடம் இருப்பாங்க. உங்களுக்கு நடந்ததையெல்லாம் கேட்டு, ஒரு ரிப்போர்ட் எழுதி, கோர்ட்டுக்கு அனுப்புவாங்க. அதுக்குக் காசு கொடுக்க வேண்டாம்." இதில் ஆபீஸ், மேடம், ரிப்போர்ட், கோர்ட் எல்லாம் இங்கிலீஷ்தான். எல்லாமே அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ்.

இன்னும் ஆபத்தான சில சொற்கள் உண்டு. 'அட்ஜஸ்ட்', 'காம்ப்ரமைஸ்' இரண்டும் நம் ஊரில் பெண்களை அடிக்கிற வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கின்றன. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்று அப்பாவும் சொல்கிறார், ஊர்ப் பெரியவரும் சொல்கிறார், சில ஸ்டேஷன்களிலும் சொல்கிறார்கள். 'பொறுத்துப் போ' என்றால் அதில் இருக்கிற அநியாயம் உறைக்கும். அட்ஜஸ்ட் என்றால் பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வதுபோல் சின்ன விஷயமாகத் தெரிகிறது. 'ஈவ் டீசிங்' என்ற சொல்லும் இதே வேலையைத்தான் செய்தது. தெருவில் பெண்ணைத் துரத்தி, உரசி, மிரட்டுவதற்கு விளையாட்டுப் பேர். சென்னையில் ஒரு கல்லூரி மாணவி அதனாலேயே உயிரிழந்த பிறகு 1998இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது. பிறகுதான் திருத்தம் வந்து, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் மாறியது. அந்த மாற்றம் சரியானது. அங்கே தமிழில் சொல்வதே நியாயம்.

ஆக, இது தமிழா இங்கிலீஷா என்ற சண்டையே இல்லை. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்த சொல்லா, அவர் வாயை அடைக்கிற சொல்லா என்று மட்டும் பாருங்கள்.

இனி தங்குமிடம். இதில்தான் அதிகம் தடுமாறுகிறோம்.

'ஹோம்' என்ற சொல் தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கு மேல் புழங்குகிறது. சிஸ்டர் சுப்பலட்சுமி 1912இல் சென்னையில் சிறுவயது விதவைகளைச் சேர்த்துக்கொண்டு தங்கும் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அவரே பதினொரு வயதையொட்டி விதவையானவர். மெட்ராஸ் ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்று அவரைச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் பிறகு குடியேறிய கட்டடம் மெரினாக் கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைப் பத்திரப்படுத்தக் கட்டியது. மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண் பிள்ளைகள் படித்து டீச்சராக வெளியே வந்தது அந்தக் கட்டடத்திலிருந்து. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் நடத்திய இல்லம், தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்காகத் தொடங்கியது. அவ்வை இல்லம் என்று பலகையில் இருந்தாலும் ஊர் முழுக்க 'அவ்வை ஹோம்' என்றே சொல்லும். தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அடைக்கலம் தந்த இடங்களின் வரலாற்றில் இந்த இங்கிலீஷ் பெயர்களும் கலந்தே கிடக்கின்றன.

ஆனால் இன்றைக்கு 'ஹோம்' என்றால் பெண்கள் பயப்படுகிறார்கள். "ஹோமா டீச்சர்? அநாதை மாதிரியா?" என்று கேட்கிறார்கள். "ஜெயில் மாதிரி பூட்டி வெச்சிருவாங்களாமே?" என்று கேட்கிறார்கள். இந்தப் பயத்தைப் போக்க நாம் என்ன செய்கிறோம்? சொல்லை மாற்றுகிறோம். குறுகிய காலத் தங்கும் இல்லம், சேவை இல்லம், ஸ்வதார் இல்லம், இப்போது மிஷன் சக்தி திட்டத்தில் சக்தி சதன். பலகை மாறிக்கொண்டே இருக்கிறது, பயம் அப்படியே இருக்கிறது. அவர் கேட்பது பெயரை அல்ல. கேட்டைப் பூட்டுவார்களா, போன் வைத்துக்கொள்ளலாமா, வேலைக்குப் போய் வரலாமா, எத்தனை நாள் இருக்கலாம், பிள்ளைகளையும் கூட்டி வரலாமா, பையனுக்கு எத்தனை வயது வரை அனுமதி, ஸ்கூல் என்ன ஆகும், புருஷன் தேடி வந்தால் உள்ளே விடுவார்களா? இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் சொல்லுங்கள். ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எத்தனையோ அம்மாக்கள் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறார்கள். அதை மறைத்து உள்ளே சேர்த்துவிட்டு அப்புறம் சொல்வது நம்பிக்கைத் துரோகம். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரைதான் தங்கலாம் என்பதையும், அதற்குப் பிறகு எங்கே போவது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

'சேஃபான இடம்' என்று அவர் கேட்டால், 'ஷெல்டர்' என்று சொன்னால் அவருக்குப் புரிகிறது என்றால், அப்படியே சொல்லுங்கள். தமிழில் அடைக்கலம் என்ற சொல் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். சிலப்பதிகாரத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு காதை இருக்கிறது. கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். ஒப்படைத்த பொருளைக் காக்க முடியாமல் போனதற்காக மாதரி தீயில் புகுந்து உயிரை விடுகிறாள். அடைக்கலம் ஏற்றவளின் பொறுப்பு அவ்வளவு பெரிது. அந்தப் பொறுப்பு உங்கள் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் உங்கள் முன்னால் நிற்கும் பெண் அடைக்கலம் கெஞ்ச வந்தவர் இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அவரோ, அவருக்காகப் பாதுகாப்பு அலுவலரோ சேவை அமைப்போ கேட்டால், இல்லத்தின் பொறுப்பாளர் இடம் கொடுத்தே ஆக வேண்டும். ரேஷன் கார்டைப் போல அது அவருக்கு உள்ள உரிமை. தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்ற வரியை அவருடைய மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தங்குமிடம் பற்றிப் பேசும்போது நாம் சொல்லாமல் விடுகிற பெரிய விஷயம் இன்னொன்று உண்டு. முதல் ஷெல்டர் அவருடைய வீடுதான். 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் அவர் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க அவருக்கு உரிமை தருகிறது. 19ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் அடித்த கணவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லலாம். வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை கட்டவோ சொல்லலாம். மாமனார் மாமியார் பெயரில் இருக்கும் வீட்டில் மருமகளுக்கு இந்த உரிமை இல்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2020 அக்டோபர் 15 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் அதை மாற்றியது. வீடு உறவினர் பெயரில் இருந்தாலும் அவர் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் உரிமை கேட்கலாம்.

இதைப் பெண்களிடம் எப்படிச் சொல்கிறோம்? கையேட்டில் 'உறைவிட ஆணை' என்று இருக்கிறது. வாசித்துக் காட்டினால் யாருக்கும் ஒன்றும் ஏறவில்லை. "உங்களை வீட்டை விட்டு அனுப்பக் கூடாதுன்னு கோர்ட்ல ஆர்டர் வாங்கலாம்மா" என்று சொன்னதும் முகம் மாறுகிறது. "அப்ப நான் ஏன் வெளியே வரணும்? அவரையே வெளியே அனுப்ப முடியுமா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்வி வருவதற்காகத்தான் அந்தச் சட்டம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. இதையும் "ஆர்டரை மீறினா அரெஸ்ட்தான்" என்று அவருக்குப் புரிகிற பேச்சில் சொல்லுங்கள்.

பெண்ணுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், வக்கீல் இலவசம். ஆணைக்குழு என்று சொன்னால் அது கட்சி ஆபீஸா கமிட்டியா என்று தெரியாது. 'ஃப்ரீ லாயர்' என்று சொல்லுங்கள், கோர்ட் வளாகத்தில் எந்தக் கட்டடம் என்று கையைக் காட்டுங்கள். போன் நம்பர் 15100.

உங்கள் வேலைச் சுமை எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளைக்குப் பால் தேடி, அப்புறம் எழுத உட்கார வேண்டும். பழகிய வாக்கியத்தைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். மேலதிகாரிக்கும் அது பழகிய வாக்கியம். அவர் சொன்னபடியே எழுதினால் இரண்டு பக்கம் கூடும். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். "என்னம்மா சொல்றீங்க, தெளிவா தமிழ்ல சொல்லுங்க" என்று யாரையும் அதட்டாதீர்கள். அவர் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். எழுதி முடித்ததும் ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "ஆமா, நான் இப்படித்தான் சொன்னேன்" என்று சொன்னால் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

உங்கள் துறைத் தலைவர்களுக்கும் இந்த மடல் போய்ச் சேரும் என்று நம்புகிறேன். அவர்களிடம் ஒரே வேண்டுகோள். ஒருங்கிணைந்த சேவை மையம் என்ற பலகையைப் பார்த்து அது ஆதார் கார்டு எடுக்கும் இடம் என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கப் பெயர் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரிகிற எழுத்தில், இதை எழுதி வையுங்கள்: வீட்டில் அடியா, டார்ச்சரா? உள்ளே வாங்க. ராத்திரியிலும் திறந்திருக்கும். பிள்ளைகளோடு தங்கலாம். காசு வேண்டாம். போன்: 181.